மடனும் நிலைமமும்: சிறார் அறிவியல் படக்கதைகளில் நகை

சிறார் அறிவியல் படக்கதைகளில் நகைச்சுவை பெரும்பாலும் மருந்தின்மேல் தடவிய தேனாகவே நின்றுவிடுகிறது. 1980-இல் ஆனந்த் பை தொடங்கிய ‘டிங்கிள்’ இதழிலும் இப்பிரிவினை உண்டு. ‘அனு கிளப்’ பகுதியில் அனு மாமா சோதனை செய்து விளக்குவார். சிறுவர் கேட்டுத் தெளிவர். சிரிப்போ 1983-இல் அறிமுகமான சுப்பாண்டிக்கே உரியது.

ஆயின் அறிவியலுக்கு நெருக்கமானவன் சுப்பாண்டியே. தொல்காப்பியர் நகைக்குரிய நிலைக்களன்களுள் மடனையும் வைத்தார். பிறர் புகட்டியதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தலே மடன் என்பது உரைமரபு. ஏவியதைச் சொல்லுக்குச் சொல் செய்துபார்க்கும் சுப்பாண்டிக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் இல்லை. அவன் செய்தவுடன் பிழை கண்முன் நிற்கும். விளக்கும் மாமாவிடம் அதற்கு இடம் குறைவு.

சேலம், நாமக்கல் சமவெளிச் சிறார்க்கு முட்டை நன்கு பழகிய பொருள். பண்ணையிலும் காண்பர், பள்ளிச் சத்துணவிலும் உண்பர். அவித்த முட்டை சீராகச் சுழலும். பச்சை முட்டை தள்ளாடும். சுழலும் பச்சை முட்டையை விரலால் ஒரு கணம் நிறுத்தி விட்டால் அது மீண்டும் தானே சுழலும். ஓடு நின்றாலும் உள்ளிருக்கும் நீர்மம் பெற்ற சுழற்சியை விடுவதில்லை. இதுவும் மடன்தான்! இயற்பியல் இதனை நிலைமம் என்கிறது. நான்கு கட்டங்களில் இதனை வரைந்துவிடலாம். ‘நிலைமம்’ என்னும் சொல் இறுதிக் கட்டத்தில் வந்தால் போதும். முட்டைக்கு வாய் வரைந்து வரையறையை ஒப்பிக்கச் செய்யும் ஓவியர், முட்டை தானாகவே செய்த வேடிக்கையை மறைத்துவிடுகிறார்.