வராத ஒன்பதாம் அத்தியாயம்

புத்தாண்டுக் காலை ஒன்பது மணி. பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் கோயிலுக்கு வந்தவர்கள் வண்டி நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டுக் கூடத்தில் ஆறு பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ரொட்டி சானாய்ப் பொட்டலங்கள் பிரிக்காமலே கிடந்தன. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் கடைசி அத்தியாயம். அமெரிக்காவுக்கு அது டிசம்பர் 31 இரவு. நமக்கு 2026 ஜனவரி 1 காலை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. முடிந்து பெயர்கள் ஏறத் தொடங்கியதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆறு பேரும் கைப்பேசியை எடுத்தார்கள். கால் மணி நேரத்தில் தீர்ப்பு தயார்.

“டெமோகார்கன் ஒண்ணுகூட வரலியே மாமா. கடைசிச் சண்டைக்கு லீவு போட்டுருச்சா?” என்றான் அக்கா மகன்.

சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி சரியான கேள்வி. 2016 ஜூலையில் முதல் சீசன் வந்தபோது அவன் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. பூவாய் விரியும் வாயுள்ள அந்த மிருகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தனியாகக் குளியலறைக்குப் போகாதவன். அந்தக் கூட்டம் முழுக்க ஒரே மனத்தோடு இயங்குவது, ஒன்றைச் சுட்டால் மற்றொன்றுக்கு வலிக்கும் என்பது, கதை தானே போட்ட சட்டம். அப்படியிருக்க, எதிரியின் சொந்த மண்ணிலேயே நடக்கும் கடைசிப் போரில் காவலுக்கு ஒரு நாய்கூட இல்லை என்றால் கேட்கத்தானே செய்வார்கள்?

குடும்பத் தொடரில் செத்த கணவன் நானூறாவது நாளில் திரும்பி வந்தால் நாம் மன்னித்துவிடுவோம். அறிவியல் புனைவுக்கு அந்தச் சலுகை கிடையாது. இல்லாத ஓர் உலகத்தை நம்பவைக்க அதன் கையில் இருக்கும் ஒரே முதல், தானே விதித்த விதிகள்தான். அவற்றை எழுதியவரே மறந்துவிடும்போது நினைவில் வைத்திருப்பவர் பார்வையாளர். கடைக் கணக்கப்பிள்ளை போல, எந்தச் சீசனில் என்ன சொன்னீர்கள், யாருக்கு எந்தச் சக்தி, எந்தக் கதவு எப்போது மூடப்பட்டது என்று வரவு செலவு வைத்திருக்கிறார். பத்திரிகை விமர்சகருக்கு இதற்கு நேரம் இல்லை, பொறுமையும் இல்லை. புதிய சீசனுக்கு வரும் எதிர்வினைகளில் ஆகச் சிறந்த பகுதி இந்தக் கணக்குதான் என்பேன்.

ஆனால் கணக்குப் புத்தகத்தில் பாக்கி மட்டுமே தெரியும். புதிதாக வந்தது எந்தப் பத்தியிலும் ஏறாது. அன்று காலை அந்தக் கூடத்தில் பேசப்பட்டதெல்லாம் வராதவற்றைப் பற்றி. வந்தவற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் அந்தச் சீசனில் குறை உண்டு. ஆபத்து தலைக்கு மேல் நிற்கும்போது மேசையில் பொருள்களை அடுக்கிவைத்துத் திட்டம் விளக்கும் காட்சிகள் அளவுக்கு மேல் வந்தன. ஆனாலும், நாயகி இலெவன் இறந்தாளா, எங்கோ இருக்கிறாளா என்பதை, அவளைக் காதலித்த மைக் தன் நண்பர்களுக்குச் சொல்லும் ஒரு கதையின் பொறுப்பில் விட்டது துணிச்சலான முடிவு. அதை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல ஒருவர் கொஞ்ச நேரம் அதோடு இருந்து பார்க்க வேண்டாமா? கால் மணி நேரம் எதற்குக் காணும்?

பிள்ளைகளைத் திட்டுவது சுலபம். எனக்கென்னவோ பழி காத்திருப்பின் நீளத்தில் கிடக்கிறது என்று தோன்றுகிறது. இந்தத் தொடரின் மொத்த அத்தியாயங்கள் 42. அவை வர எடுத்துக்கொண்டது ஒன்பதரை ஆண்டு. நான்காவது சீசனுக்கும் ஐந்தாவதற்கும் இடையில் மட்டும் மூன்றாண்டுக்கு மேல். அறுபதுகளில் வந்த ‘ஸ்டார் டிரெக்’ மூன்றே சீசன்களில் 79 அத்தியாயம். 1966 செப்டம்பரில் தொடங்கி 1969 ஜூனில் முடிந்தே போயிற்று. மூன்றாண்டு காத்திருப்பவர் சும்மா இருப்பதில்லை. மனத்துக்குள் அந்தச் சீசனைத் தாமே எழுதிவிடுகிறார். பிறகு உண்மையான சீசன் வரும்போது அது போட்டியிடுவது பழைய சீசனோடு இல்லை, அவர் எழுதிவைத்ததோடு. அந்தப் போட்டியில் எந்தக் கதாசிரியர் வெல்வார்?

இதன் உச்சத்தை அந்த ஜனவரியிலேயே பார்த்தோம். முடிவு பிடிக்காதவர்களில் ஒரு பெருங்கூட்டம், அது முடிவே இல்லை, உண்மையான ஒன்பதாவது அத்தியாயம் ஒளித்துவைக்கப்பட்டிருக்கிறது, 7ஆம் தேதி வெளிவரும் என்று நம்பியது. பின்னணியில் இருந்த பொருள்களின் நிறம், பட்டம் வாங்கும் பிள்ளைகள் கைகளை வைத்திருந்த விதம் எல்லாம் சான்றாயின. தேதி வந்தது, அத்தியாயம் வரவில்லை. முட்டாள்தனம் என்று ஒதுக்க மனம் வரவில்லை. துப்பு தேடத் தொடரே பத்தாண்டு பழக்கிவிட்டிருந்தது. பழக்கிய பிறகு, இனித் தேடாதே என்றால் எப்படி?

எதிர்வினைக்கு உண்மையான பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ‘ஸ்டார் டிரெக்’கின் மூன்றாம் சீசனைக் காட்டலாம். 1967 கடைசியில், இரண்டாம் சீசனோடு தொடரை நிறுத்திவிடுவார்கள் என்ற பேச்சு வந்தது. ஜான் டிரிம்பிள், பீஜோ டிரிம்பிள் என்ற தம்பதியர் கடித இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். தொலைக்காட்சி நிறுவனமான என்பிசிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் குவிந்தன. 1968 மார்ச் 1 அன்று, ஓர் அத்தியாயம் முடிந்த கையோடு, தொடர் நீடிக்கும் என்று ஒளிபரப்பிலேயே அறிவித்தார்கள். வெற்றிதான். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். தொடரை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளினார்கள். இளைஞர்கள் வீட்டில் தங்காத நேரம். உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அன்றாட வேலையிலிருந்து விலகிக்கொண்டார். பணமும் குறைந்தது. செப்டம்பரில் மூன்றாம் சீசன் தொடங்கியது எதைக் கொண்டு என்றால், நாயகர்களில் ஒருவரான ஸ்பாக்கின் மூளையை ஒருத்தி திருடிக்கொண்டு போகும் கதை. தொடரிலேயே மட்டமானது எது என்ற பேச்சில் இன்றுவரை முதலில் அடிபடும் பெயர் அதுதான். கடிதம் எழுதிக் காப்பாற்றியவர்களே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்கள்.

இதை வைத்துக் கடிதம் எழுதியது வீண் என்று சொல்ல முடியாது. அந்தச் சுமாரான 24 அத்தியாயங்கள் சேர்ந்ததால்தான், உள்ளூர் நிலையங்கள் அன்றாடம் மறு ஒளிபரப்பு செய்யும் அளவுக்குக் கைவசம் கதைகள் தேறின. எழுபதுகளில் அந்த மறு ஒளிபரப்பில்தான் தொடர் இரண்டாம் பிறவி எடுத்தது. ஆக, பார்வையாளரின் குரலால் ஒரு தொடரை உயிரோடு வைக்க முடியும். நன்றாக எழுதவைக்க முடியாது. இந்த வேறுபாட்டை ரசிகர்களும் மறக்கிறார்கள், அவர்கள் வாயை அடைக்க நினைக்கும் நிறுவனங்களும் மறக்கின்றன.

பார்க்காமலே எழுதும் தீர்ப்பு வேறு வகை. 2017 ஜூலையில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் பதின்மூன்றாவது டாக்டராக ஜோடி விட்டேக்கர் என்ற பெண் வருகிறார் என்று அறிவித்ததும் அன்றே தொடருக்குக் கருமாதி செய்தவர்கள் உண்டு. அவர் நடித்த முதல் முழு அத்தியாயம் வந்ததோ 2018 அக்டோபரில். இதைத் திறனாய்வுக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

நம் பக்கம் திரும்பினால், தமிழில் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடருக்கு இரண்டாம் சீசன் என்ற பேச்சே அரிது. வாரப் பத்திரிகையில்தான் நமக்கு அந்தப் பழக்கம் இருந்தது. சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் நாயகி நிலா. ஆனால் படித்தவர் மனத்தில் குடியேறியது ஜீனோ என்ற இயந்திர நாய். தொடர்ந்து வந்த இரண்டாம் பாகத்தின் தலைப்பைப் பாருங்கள்: ‘மீண்டும் ஜீனோ’. ஒரு துணைப் பாத்திரம் தலைப்புக்கு ஏறிவிட்டது. வாராவாரம் வந்த கதைக்கும் வாசகருக்கும் நடுவில் ஏழு நாள் இருந்தது. பேச, தப்பாக ஊகிக்க, வெட்கப்பட, மறுபடி ஊகிக்க.

தொலைக்காட்சியில் அதற்குப் பக்கத்தில் வந்தது இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ வரிசை. அறிவியலும் சாமியும் நேருக்கு நேர் வாதாடிய கதைகள். அதில் ‘விடாது கருப்பு’ பினாங்கில் எங்கள் வீட்டுக்கு வீடியோ கேசட்டாக வந்தது, சில வாரங்கள் சேர்ந்தாற்போல். பெரியம்மா ஒரு வாரத்தை மட்டும் போடுவார். முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, “மிச்சம் நாளைக்கு. இப்பச் சொல்லு, குதிரையில வர்றது யாரு?” என்பார். மனக்கோளாறு என்று நான் சொல்ல, கருப்புசாமி என்று அவர் சொல்ல, தே ஓ ஆறிப்போகும். யார் ஜெயித்தார் என்பதைவிட, கதை எங்கே எங்களை ஏமாற்றியது என்று திரும்பத் திரும்பப் பேசினோம்.

அப்படி வாராவாரம் பேச இன்றும் இடம் கிடைப்பதுண்டு. ஆப்பிளின் ‘செவரன்ஸ்’ இரண்டாம் சீசனும் கிட்டத்தட்ட மூன்றாண்டு காக்கவைத்துத்தான் வந்தது. ஆனால் 2025 ஜனவரி 17 முதல் மார்ச் 21 வரை வாரம் ஒன்றாகப் பத்து அத்தியாயம். அலுவலகக் கட்டடத்துக்குள் ஆடுகள் எதற்கு என்ற கேள்வியை இரண்டு மாதம் மென்றார்கள். அதிலும் நோய் உண்டு: சுவரில் தொங்கும் படமெல்லாம் துப்பாகிவிட, மனிதர்களின் துக்கம் பின்னால் போய்விட்டது. ஆனாலும் அந்தப் பேச்சில் இடமிருந்தது. ஒருவர் போன வாரம் சொன்னதை இந்த வாரம் திருத்திக்கொள்ள முடிந்தது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ மூன்று தவணையாக வந்தும், நவம்பர் கடைசியில் நான்கு அத்தியாயத்தை மொத்தமாகக் கொட்டி, ஒரு மாதம் விட்டு இன்னும் மூன்றைக் கொட்டி, ஐந்தாறு நாளில் முடித்துக்கொண்டது. பேச நேரம் கிடைத்தும் பேச அளவான கவளம் கிடைக்கவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின இரவு, ஜனவரி 31. அதே பிள்ளைகள் மலைக்குப் போகும் சாலையோரம் ஒரு தண்ணீர்ப் பந்தலில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கி காதைக் கிழித்தது. ரதம் இன்னும் வந்து சேரவில்லை. டெமோகார்கன் பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை, ஆனால் சுருதி குறைந்திருந்தது. அக்கா மகன் சிரப்பைக் கலக்கிக்கொண்டே என் பக்கம் வந்தான்.

“மாமா, கடைசியில அவனுங்க பழைய புத்தகத்தை எல்லாம் அடுக்கி வச்சிட்டு மேல ஏறிப் போவானுங்கல்ல. மைக்கோட தங்கச்சி கூட்டாளிங்களோட ஓடி வந்து அதே மேசையில உட்காரும்.”

“ஆமா.”

“அன்னிக்கு அங்கதான் நான் அழுதேன். யாரும் பார்க்கல. உடனே போனை எடுத்துட்டேன்.”

பனிக்கட்டி மூட்டை வந்து இறங்கியது. பிடிக்க ஓடினான்.