எஸ்திரின் – பேர்லினர் அஞ்சல் ஆட்டம்: ஒரு மதிப்பீடு

அஞ்சல்வழிச் சதுரங்கம் நம்மவர்க்குப் புதுவதன்று. 1828–29ஆம் ஆண்டுகளிலேயே சென்னையாரும் ஐதராபாத்தாரும் கடிதமூலம் ஆடினர். தோட்டக் கந்தோருக்கு வந்துசேரும் கடிதத்துக்காக நாட்கணக்கிற் காத்திருந்து பழகிய மலையகத்தார்க்கு, ஒரு நகர்வின் மறுமொழி வாரங்கள் கழித்து வருதலும் வியப்பாகாது. எனினும், ‘ஆற அமர ஏட்டைப் புரட்டி ஆடுவதும் ஓர் ஆட்டமா?’ என வினவுவார் உளர். அவ்வினாவை மனத்துட் கொண்டு ஓர் ஆட்டத்தை ஈண்டு நோக்குவோம்.

ஐந்தாவது உலக அஞ்சற் சதுரங்கப் போட்டியில் (1965–68) வெள்ளைக் காய்களை ஆடியவர் சோவியத் நாட்டு யாக்கோவ் எஸ்திரின். கறுப்பை ஆடியவர் அமெரிக்கரான ஹான்ஸ் பேர்லினர். பேர்லினர் மேற்கொண்டது இருகுதிரைக் காப்பு என்னும் பழைய முறை. அக்காப்பைப் பற்றி நூல் எழுதிய புலமையாளர் எஸ்திரின். கொல்லன் தெருவில் ஊசி விற்கத் துணிந்தது போன்றதே இது.

பத்தாம் நகர்வில் வெள்ளைக் காலாள் கறுப்பு மந்திரியைத் தாக்குகிறது. பேர்லினர் மந்திரியையும் நகர்த்தவில்லை. வெட்டுண்ணும் நிலையிலிருந்த குதிரையையும் காக்கவில்லை. நடுக்காலாளை முன்னே தள்ளுகிறார். பதினான்காம் நகர்வில், வெட்டத்தக்க வெள்ளைக் கோட்டையை விட்டுவிட்டுத் தம் கோட்டையை அமைதியாக ஒரு கட்டம் பெயர்க்கிறார். ஆராய்ச்சியாளர் பலரும் வியந்து நிற்பது இவ்விடத்திலேயே. ஆயின், இப்பகுதி முன்கூட்டியே ஆராய்ந்து ஆயத்தஞ் செய்யப்பட்டது என்பதை மறுத்தற்கில்லை. மேற்கூறிய வினாவுக்கு இதுவரை ஓரளவு நியாயமும் உண்டு.

என் உள்ளங் கவர்ந்தது முப்பத்தோராம் நகர்வு. அரசியர் இருவரும் வெட்டுண்டனர். பக்கத்துக்கு ஒரு கோட்டையும் சில காலாட்களுமே எச்சம். கறுப்புக்கு ஒரு காலாள் மிகுதி. அதனைப் பேணிக் காப்பதே எவர்க்கும் தோன்றும். பேர்லினரோ அக்காலாளை வெட்டவிட்டு, அடுத்த நகர்வில் வெள்ளைக் கோட்டைக்கு நேரே தம் கோட்டையை நிறுத்துகிறார். இப்பொழுது இருபுறமும் மும்மூன்று காலாட்கள். கணக்கில் மிச்சம் ஏதுமில்லை. ஆயினும், கோட்டைகளை மாற்றிக்கொண்டால், வெள்ளையரசன் ஓரக் காலாளைப் பிடிக்கச் செல்லும் பொழுதிற் கறுப்பரசன் நடுக்காலாளை உண்டு அப்பாலும் செல்வான். மாற்றாது விலகினாலோ, அவன் உடனே நடுவிற் புகுவான். எஸ்திரின் விலகினார், கறுப்பரசன் புகுந்தான். நாற்பத்திரண்டாம் நகர்வோடு ஆட்டம் முடிந்தது.

எந்த ஏட்டைப் புரட்டி இதனை எழுதியிருத்தல் கூடும்? இத்தகைய நிலை எழும் என்பதை எந்நூலும் முன்னறிவிக்கவில்லை. புயலைப் புகழ்வோர் இவ்வமைதியைக் கடந்து செல்வது பெருங்குறை என்பேன்.

பதினாறு ஆட்டங்களிற் பன்னிரண்டை வென்று, நான்கைச் சமன்செய்து பேர்லினர் உலக வீரரானார். பின்னாளிற் கணினிக்குச் சதுரங்கம் கற்பித்தவரும் அவரே. எஸ்திரினும் ஏழாவது போட்டியில் அப்பட்டத்தைப் பெற்றார். மாணவர் இவ்வாட்டத்தைப் பயிலுங்கால், முப்பதாம் நகர்வின் நிலையைப் பலகையில் அமைத்து, கறுப்பின் பக்கம் இருந்து அடுத்த நகர்வைத் தாமே தேடுக. ஒரு வாரம் எடுத்துக்கொள்ளினும் குற்றமில்லை. பேர்லினருக்கும் அவகாசம் இருந்தது.