தன் கதையைத் தானே நடித்தல்: லிவிங் ஸ்மைல் வித்யாவின் அரங்கப் பணி

தமிழ்நாட்டில் திருநர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி, தாமே மேடையில் நடித்துக்காட்டும் தன்வரலாற்று அரங்கு 2000-க்குப் பின் வளர்ந்த ஒன்று. எழுத்தாளர், நடிகர், உரிமைச் செயல்பாட்டாளர் என அறியப்படும் லிவிங் ஸ்மைல் வித்யா அதன் முதன்மை ஆளுமைகளுள் ஒருவர். இந்த அரங்க முறை சாதித்ததும் சறுக்கியதும் அவருடைய பணியில் அருகருகே தெரிகின்றன.

வித்யா 1982-இல் திருச்சியில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தார். பிள்ளை கலெக்டராக வேண்டும் என்பது தந்தையின் கனவு. படிப்பில் முந்தியவருக்கு நாடகத்தின் மீதும் நாட்டம் இருந்தது. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முதுகலை முடித்தார். பிறகு வீட்டை விட்டுப் புனே சென்றார். அங்கே திருநங்கையரோடு தங்கி, கடைகளிலும் ரயில்களிலும் கைநீட்டிக் காசு சேர்த்து, பாலின மாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்டு தமிழ்நாடு திரும்பினார். மதுரையில் சிறுகடன் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. முதுகலை படித்தவர் பிச்சையெடுத்தார் என்பதுதான் பத்திரிகைகளுக்குப் பிடித்த செய்தி. பெயரையும் பாலினத்தையும் ஆவணங்களில் மாற்றுவதற்காக அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியதற்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை. ஒரு திருநங்கையின் வாழ்வில் எதைக் கதையாகப் பார்க்கிறோம், எதை விட்டுவிடுகிறோம் என்ற சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

பெண் வேடத்தில் வேறு பாலினத்தவர் தோன்றுவது தமிழ் மேடைக்குப் புதிதல்ல. தெருக்கூத்தில் மரபாகப் பெண் வேடம் கட்டுவது ஆண்கள். சிறுவர்கள் நடித்த பாய்ஸ் கம்பெனிகளின் காலத்தில் பெண் வேடமேற்கும் நல்ல ஸ்திரீபார்ட் நடிகருக்குத் தனி மவுசு இருந்தது. கரகாட்டத்திலும் குறவன் குறத்தி ஆட்டத்திலும் திருநங்கையர் ஆடியிருக்கிறார்கள். ஆனால் இங்கெல்லாம் அவர்கள் பேசியது வேறு யாரோ வகுத்த பேச்சு. தமிழ் சினிமா அந்த இடத்தைக்கூடத் தரவில்லை. பெரும்பாலும் சிரிப்பு மூட்டும் காட்சிக்கோ அருவருப்பு ஊட்டும் காட்சிக்கோதான் அது திருநங்கையரைத் தேடிப் போனது. 2015-இல் வந்த 'ஐ' படத்துக்குத் திருநர் எதிர்ப்புத் தெரிவிக்க நேர்ந்தது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியால்தான். மேடையில் முதல் திருப்பம் 2000-களின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. நாடக இயக்குநர் அ. மங்கை சென்னைத் திருநங்கையரின் கண்ணாடிக் கலைக்குழுவோடு சேர்ந்து அவர்கள் அனுபவங்களிலிருந்தே நாடகம் உருவாக்கினார். எழுத்தில் திருநங்கை எழுத்தாளர் ஆ. ரேவதியின் 'உணர்வும் உருவமும்' 2004-இல் வெளிவந்தது.

இந்தப் பின்னணியில்தான் 2007-இல் கிழக்கு பதிப்பகம் வித்யாவின் தன்வரலாறான 'நான், சரவணன் வித்யா' நூலை வெளியிட்டது. இரக்கம் தேடும் குரல் அதில் குறைவு, கோபமும் எள்ளலும் அதிகம். நூல் ஆங்கிலத்துக்கும் கன்னடத்துக்கும் போயிற்று. இயக்குநர் பி.எஸ். லிங்கதேவரு அதைக் கன்னடத்தில் 'நானு அவனல்ல அவளு' என்ற படமாக்கினார். வித்யாவின் வேடத்தில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. விஜய்யின் நடிப்பு பொறுப்பும் கண்ணியமும் உள்ளது. அதில் குறை காண இடமில்லை. ஆயினும் வித்யா போன்ற பயிற்சி பெற்ற நடிகர் ஒருவரின் வாழ்க்கை திரைக்கு வந்தபோது அவரையொத்த திருநங்கை ஒருவருக்கு அந்த வேடம் போகவில்லை. கதை திருநங்கையுடையது, விருது ஆணுக்கு. வித்யாவோ அதற்கு முன்பே இயக்குநர் மிஷ்கினின் 'நந்தலாலா'வில் உதவி இயக்குநராக வேலை செய்து, திரைத்தொழிலை உள்ளிருந்து பார்த்தவர்.

2013-இல் சார்லஸ் வாலஸ் அறக்கட்டளையின் நல்கையில் அவர் லண்டன் சென்று அரங்கப் பயிற்சி பெற்றார். அவர் சேர்ந்த பள்ளி பிரெஞ்சு நாடக ஆசான் ழாக் லெகோக்கின் வழியில் வந்தது. வசனத்துக்கு முன் உடலைப் பழக்குவதும், முகமூடியும், கோமாளியும் அந்த வழியின் அடிப்படைகள். கோமாளி, தான் அடிபடுவதைக் காட்டியே அடிக்கிறவனைச் சிரிப்புக்கு உள்ளாக்குபவன். கூத்தின் கோமாளியான கட்டியங்காரனைப் பார்த்து வளர்ந்த தமிழ் மண்ணுக்கு இது அந்நியமான வித்தையும் அல்ல.

ஊர் திரும்பியபின் 2014-இல் திருநர் கலைஞர்களான ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோருடன் சென்னையில் பன்மை நாடகக் குழுவைத் தொடங்கினார். அவர்களின் 'கலர் ஆஃப் டிரான்ஸ்' மூவரின் சொந்த அனுபவங்களைக் கோத்து உருவாக்கிய நாடகம். அதன் முதல் பலம், எழுதியவரும் இயக்கியவரும் நடித்தவரும் திருநரே என்பது. இரண்டாவது, மூவரில் ஒருவரான செம்மலர் திருநம்பி. தமிழ் மேடையில் திருநம்பிகள் அதுவரை அரிதாகவே கண்ணில் பட்டவர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது அதன் நகைச்சுவை. திருநரைப் பார்த்துச் சிரித்துப் பழகிய பார்வையாளர், இங்கே தம்மைப் போன்றவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியிருக்கிறது. பரிதாபத்தோடு வந்தவருக்கு அந்தப் பரிதாபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் போகிறது. கண்ணீரை நம்பும் மேடையால் இதைச் செய்ய முடியாது.

பலவீனங்களும் இதே வேரில் இருக்கின்றன. நடிப்பவரின் சொந்த வாழ்க்கை என்று தெரிந்துவிட்டால் நாடகத்தை நாடகமாக எடைபோடப் பார்வையாளர் தயங்குகிறார். காட்சி நீண்டுவிட்டது, இந்தத் திருப்பம் ஒட்டவில்லை என்று யாரும் சொல்வதில்லை. எழுந்து நின்று கைதட்டிவிட்டுப் போகிறார்கள். விமர்சனம் இல்லாத இடத்தில் கலை தேங்கும். இன்னொரு சிக்கல், ஒருவர் கதை எல்லாருடைய கதையாக எடுத்துக்கொள்ளப்படுவது. முதுகலை படித்து லண்டன் போய் வந்தவரின் அனுபவம் ஒரு சிற்றூர்க் கரகாட்டக் கலைஞரின் அனுபவம் ஆகாது. திருநங்கையரின் சமூக அமைப்பான ஜமாத்தில் குருவுக்கும் சீடரான சேலாவுக்கும் உள்ள உறவு அடைக்கலமும் சுரண்டலும் பின்னிக் கிடக்கும் ஒன்று. ஒரு மணி நேர நாடகத்தில் அது ஏதாவதொரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

பார்வையாளர் யார் என்பதும் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. அரங்க விழாக்களுக்கும் கல்லூரி அரங்குகளுக்கும் வருவோர் பெரும்பாலும் ஏற்கெனவே பாதி மனம் மாறியவர்கள். மேலும், காயத்தைத் திரும்பத் திரும்ப நடிப்பதே மேடைக்கு நுழைவுச்சீட்டு ஆகிவிடுகிறது. திருநங்கை நடிகர் தன் துன்பத்தைத் தவிர வேறெதையும் நடிக்கத் தெரியாதவர் என்ற எண்ணம் அதனால் உறுதிப்படுகிறது. ரேவதியின் வாழ்க்கையை அவரே நடிக்க மங்கை இயக்கிய 'வெள்ளை மொழி'யும் இந்த வரம்பை முழுதாகத் தாண்டவில்லை. அவ்வளவு வலுவான நிகழ்த்துகைக்கே இந்த நிலை.

வித்யா மேடைக்கு வெளியே எடுத்த நிலைப்பாடுகள் அவருடைய நாடகங்களைவிடக் கூர்மையானவை. திருநர் மீதான வெறுப்பைப் பார்ப்பனியத்தின் ஒரு வடிவமாகவே அவர் கண்டார். சாதியைப் பேசாத பாலினச் சிறுபான்மை அரசியலை ஒப்பவில்லை. நலத்திட்டங்களை விட இட ஒதுக்கீடே தேவை என்று வாதிட்டார். திருநருக்கென 2008-இல் நல வாரியம் அமைத்ததில் தமிழ்நாடு முன்னோடிதான். 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த நால்சா வழக்கில் திருநருக்குக் கல்வி, வேலைகளில் ஒதுக்கீடு வழங்கச் சொன்னது. தமிழ்நாடு அரசு அவர்களை மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. தலித் திருநங்கை தன் சாதிக்குரிய ஒதுக்கீட்டை என்ன செய்வது? எல்லாச் சாதிப் பிரிவுக்குள்ளும் கிடைமட்ட ஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கை இந்த முடிச்சிலிருந்து எழுந்தது. கர்நாடகம் 2021-இல் அப்படி ஒரு விழுக்காடு ஒதுக்கீடு தந்துவிட்டது. இத்தகைய நிர்வாகச் சிக்கலைத் தன்வரலாற்று நாடகத்தால் எளிதில் தொட முடிவதில்லை. அதற்கு நாயகனும் வில்லனும் கிடையாது, ஒரு பட்டியலும் ஓர் அரசாணையும்தான் உண்டு.

வித்யாவும் கிளாடியும் சென்னையில் வாடகை வீடு தேடி அலைந்ததை இயக்குநர் லீனா மணிமேகலை 2017-இல் 'இஸ் இட் டூ மச் டு ஆஸ்க்' என்ற ஆவணப்படமாக்கினார். அரங்கில் கைதட்டிய நகரம் வீடு தரவில்லை. பின்னர் வித்யா சுவிட்சர்லாந்து சென்று அங்கே மேடையேறத் தொடங்கினார். நிலையான அரங்கு, நிதி, ஒத்திகைக்கூடம் எதுவுமின்றி ஓரிரு ஆளுமைகளை நம்பி நிற்கும் குழுவுக்கு இத்தகைய பெயர்வு பெரிய இழப்பு.

தன் கதையைத் தானே சொல்லும் உரிமையைத் திருநர் அரங்கு வென்றுவிட்டது; அதில் வித்யாவின் பங்கு மறுக்க முடியாதது. அடுத்து வர வேண்டியவை கண்ணகியாகவும், வழக்கறிஞராகவும், பக்கத்து வீட்டு அத்தையாகவும் திருநங்கையர் நடிக்கும் நாடகங்கள். அந்த வேடங்களைத் தர வேண்டிய தமிழ் இயக்குநர்கள் இதுவரை அதற்கு முன்வந்தது மிகக் குறைவு.