பக்கத்தில் இருப்பவர்

1917-இல் நாட்டின் முதல் எண்ணெய்ப்பனைத் தோட்டம் எழுந்த தென்னமரத்திலிருந்து வடக்கே சபாக் பெர்ணம் எல்லை வரையில், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்க்குக் கட்டைகளை அமுக்கி வாசிக்கும் கருவி என்றால் ஆர்மோனியந்தான். கோயிற் பசனையில் பாடியவர் பெயரை இன்றும் சொல்வார்கள். வாசித்தவரைக் கேட்டால், "அவர் பெட்டிக்காரர்" என்று முடித்துவிடுவார்கள்.

மேல்நாட்டு இசையரங்கமும் இதற்கு விலக்கன்று. இட்சாக் பெர்ல்மன் என்னும் வயலின் மேதையை அறியாத இசையன்பர் அரியர். அவரருகில் பல்லாண்டுகளாகப் பியானோ வாசித்துவரும் ரோகான் டி சில்வா இலங்கையில் பிறந்தவர் என்பதை அறிந்தோர் எத்தனை பேர்?

இலங்கை அதிபர் நிதியத்தின் கலைக்கான சிறப்பு உதவித்தொகையை முதன்முதற் பெற்றவர் இவர். இலண்டன் ராயல் அகாதமியில் பயின்று, 1983-இல் சாப்பெல் பொற்பதக்கம் பெற்றார். பின்னர் நியூயார்க்கின் ஜூலியார்டு பள்ளியில் மார்ட்டின் கானினிடம் பியானோவும் ஃபீலிக்ஸ் கலிமிரிடம் சிற்றவை இசையும் கற்றார். பெர்ல்மனுக்கே ஆசிரியையாயிருந்த டோரதி டிலே அம்மையாருடன் நெருங்கிப் பணியாற்றியதும் அங்கேதான். 1991-இல் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். 2007-இல் எலிசபெத் அரசியாருக்கு வெள்ளை மாளிகையில் அளிக்கப்பட்ட விருந்தில் பெர்ல்மனுடன் வாசித்தார். இவையெல்லாம் வாழ்க்கைக் குறிப்பு. நாம் ஆராயவேண்டியது வேறொன்று.

1990-இல் மாஸ்கோவில் நடந்த சைக்கோவ்ஸ்கி போட்டியில் இவருக்குச் "சிறந்த பக்கவாத்தியக்காரர்" என்னும் தனிப்பரிசு கிடைத்தது. பெருமைதான். ஆயினும் அப்பரிசின் பெயர் இவர் கலையில் ஒரு பாதியையே சுட்டுகிறது என்பது என் கருத்து.

மோட்சார்ட் இளமையில் இயற்றிய சொனாட்டாக்கள் "வயலின் துணையோடு கூடிய" பியானோப் படைப்புகளாகவே வெளிவந்தன. 1805-இல் பீத்தோவன் வெளியிட்ட புகழ்பெற்ற ஒன்பதாம் வயலின் சொனாட்டாவின் முகப்பிலும் பியானோவே முன்னிற்கிறது. வயலின் பின்னே வருகிறது. பிற்காலத்தார் அதனை வயலின் சொனாட்டா என்று சுருக்கி வழங்கியபோது, இருவர் சொத்து ஒருவர் பெயருக்கு மாறிவிட்டது. சொனாட்டாவில் பியானோ வாசிப்பவரைப் பக்கவாத்தியக்காரர் என்பது பிழை. அங்கே அவர் சரிநிகர் உரையாடுபவர். ஆனால் நிகழ்ச்சியின் பிற்பகுதியில் வரும் சிறு உருப்படிகளில் வயலினே தலைமை. பியானோ தாங்கி நிற்பது. ஒரே மாலையில் இவ்விரு நிலையும் ஏற்கவேண்டியவர் டி சில்வா. முன்பாதியில் துணிவும் பின்பாதியில் அடக்கமும் வேண்டும். இடம் மாறினால் இரண்டும் குற்றமே.

கருவியின் இயல்பும் இதற்கு எளிதில் இடந்தருவதில்லை. வில் நகரும்வரை வயலின் ஒலி நீளும். வேண்டுமானால் வளரவும் செய்யும். பியானோவில் சுத்தி நரம்பைத் தட்டிய கணமே ஒலி தேயத் தொடங்கும். எண்பத்தெட்டுக் கட்டைகளும் பருத்த உடலும் உடைய அக்கருவி ஓங்கினால் நாலு நரம்புக் கருவி மூழ்கிப்போகும். ஒடுங்கினால் அடித்தளமே இராது. தேயும் ஒலியால் நீளும் ஒலிக்குப் படுகை விரிப்பது கைவேலை மட்டுமன்று, காதின் வேலை. பெர்ல்மனோ இறுதி உருப்படிகளை மேடையிலிருந்தே அறிவிக்கும் வழக்கமுடையவர். எது வரினும் வாசிக்க ஆயத்தமாயிருக்கும் அந்த நிலையை நம் மிருதங்க வித்துவான்கள் நன்கறிவர்.

தமிழாசிரியர்க்கு இங்கே சிலம்பு நினைவுக்கு வராமற் போகாது. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் மாதவியின் ஆடலை மட்டும் பாடிவிட்டு அமையவில்லை. ஆடலாசான், இசையாசான், புலவன், தண்ணுமையாசான், குழலாசான், யாழாசான் என ஒவ்வொருவர் தகுதியையும் தனித்தனியே விரித்துரைக்கின்றார். ஆடுபவள் ஒருத்தி, அவளுக்குத் துணைநின்றவர்க்கு எத்தனை அடிகள்! குழலின் பின்னே யாழும், யாழின் பின்னே தண்ணுமையும், அதன் பின்னே முழவும் நின்றன என்று அவர் காட்டும் வரிசையில் எதுவும் தாழ்ந்ததன்று. நம் விளம்பரத்தாள்களில் எழுத்தின் பருமன் குறைந்துகொண்டே போவது எக்காலத்து வழக்கோ தெரியவில்லை.

1886-இல் சேசர் ஃபிராங்க் இயற்றிய சொனாட்டாவின் நான்காம் பகுதியைக் கேட்டுப் பாருங்கள். பியானோ ஒரு மெட்டைத் தொடங்குகிறது. ஒரு தாளக்கட்டு கழித்து வயலின் அதே மெட்டை எடுத்துப் பின்தொடர்கிறது. அரங்கேற்று காதை நடத்தும் ஆசிரியர், ஆறேழு நிமிடமே செல்லும் இப்பகுதியை வகுப்பில் ஒருமுறை ஒலிக்கச் செய்து, யார் வழி யார் நிற்கிறார் என்று மாணவரைக் கேட்கலாம்.