குண்டு எலியும் ஒல்லி நெசவாளியும்

மாகறலில் தறி போடும் என் சித்தப்பா ஒல்லியான ஆள். குடிப்பழக்கம் கிடையாது. போன மாதம் வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது, "ஃபேட்டி லிவர், கிரேடு 2" என்று வந்தது. "உடம்புலயே சதை இல்ல, ஈரல்ல மட்டும் எப்படிடா கொழுப்பு வரும்?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் ஆளான எனக்குப் பதில் தெரியவில்லை. படிக்க உட்கார்ந்தேன்.

எங்கே திறந்தாலும் எலிதான். பழைய நட்சத்திரம் 'ஓபி/ஓபி' சுண்டெலி. 1949-இல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் தானாக வந்த மரபணுப் பிறழ்வு அது. 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு அந்த மரபணுவைப் பிடித்தது. அது உண்டாக்கும் லெப்டின்தான் மூளைக்குப் 'போதும்' என்று சொல்கிற ஹார்மோன். அது இல்லாத எலி தின்றுகொண்டே இருக்கும், கல்லீரலும் கொழுக்கும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திலும் (1918-இல் நம்ம குன்னூரில் தொடங்கியதுதான்) இப்படி ஒரு குண்டு எலி வகை உண்டு.

என் முதல் குறை இதுதான். மேற்கு வங்கக் கிராமங்களில் செய்து 2010-இல் வெளியான ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு பிஎம்ஐ 25-க்குக் கீழே. எல்லாம் சித்தப்பா மாதிரி ஆட்கள். லெப்டின் இல்லாத குண்டு எலி இவர்களுக்கு எப்படிச் சாட்சி சொல்லும்?

இரண்டாவது குறை, 'நாக்-அவுட்' முறை மேல். மரபணுவை நீக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பது. ஒரு ஃபங்ஷனை டெலீட் செய்து ப்ரோக்ராமை ஓட்டிப் பார்க்கிற மாதிரி. 2008-இல் டல்லஸில் ஹாப்ஸ், கோஹன் குழு, பிஎன்பிஎல்ஏ3 மரபணுவின் ஒரு மாற்றத்துக்கும் கல்லீரல் கொழுப்புக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. 148-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் வேறு. சரி என்று எலியில் அந்த மரபணுவையே நீக்கிப் பார்த்தார்கள். கல்லீரலில் கொழுப்பு ஏறவில்லை! அதோடு விட்டிருந்தால், 'இந்த மரபணுவுக்குச் சம்பந்தமே இல்லை' என்று முடித்திருப்போம்.

நீக்காமல், மனிதரில் இருக்கும் அதே ஒற்றை மாற்றத்தை எலிக்குள் வைத்து 2015-இல் வெளியிட்டார்கள். சாதாரணத் தீனியில் ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை மிகுந்த தீனி போட்டதும் கொழுப்பு ஏறியது. மாறிய புரதம் கொழுப்புத் துளிகள் மேல் அப்படியே குவிந்து உட்கார்ந்துகொள்கிறது. ஃபங்ஷன் இல்லாவிட்டால் ப்ரோக்ராம் ஓடுகிறது; தப்பான ஃபங்ஷன் இருந்தால்தான் தொங்குகிறது. நம்ம தொழிலில் தினமும் பார்ப்பதுதானே?

எலி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மனிதனுக்கு மரபணுவை மாற்றிப் பார்க்க முடியாது; எலி இல்லாமல் இந்த விஷயம் தெரிந்திருக்காது. நான் குறை சொல்வது, 'எலியில் குணமானது' என்று மொட்டையாகப் போடும் செய்திகளை. எந்த எலி? நீக்கினார்களா, மாற்றினார்களா? என்ன தீனி? இந்த மூன்றும் இல்லாத செய்தியை நான் இப்போது படிப்பதில்லை.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அந்த ஜீன் எனக்கு இருக்கா?" என்றார். டெஸ்ட் பண்ணாமல் தெரியாது என்றேன். "தறியில உட்கார்ந்து ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீங்க?"

"ஆறேழு இருக்கும். சர்க்கரை கொஞ்சம் தூக்கலா."

எலியை வைத்து அவருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் 'ஒல்லியா இருக்கோம், நமக்கு வராது' என்று சும்மா இருக்கவும் முடியாது. அடுத்த வாரம் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.