வெட்டத் தெரிந்த கை

கொழும்பில் ஒரு செடி வளர்ந்துவிட்டது என்று யாரும் பெருமைப்படத் தேவையில்லை. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை, தையிலும் சித்திரையிலும் பெரிதாக மாறாத 27, 28 பாகை வெப்பம், இரவிலும் வற்றாத ஈரம். கபுக்கல் மதிலின் வெடிப்பில் அரசங்கன்று தானாக முளைக்கிறது. தொடர்மாடியின் கழிவுநீர்க் குழாயில் பன்னம் படர்கிறது. மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வளவுக்குள் போக வேண்டுமானால் முதலில் கத்தியை அனுப்பவேண்டும். இப்படிப்பட்ட ஊரில் திறமை தேவைப்படுவது வளர்வதை அளவோடு நிறுத்துவதற்குத்தான். எந்தக் கணுவுக்கு மேலே, எந்த மாதத்தில், எவ்வளவு வெட்டுவது என்று அறிந்த கையே இங்கே தோட்டக்காரக் கை. பிறர் வளவுகளை நான் எட்டிப் பார்ப்பதெல்லாம் அந்தக் கையின் அடையாளத்தைத் தேடித்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பின் வெள்ளவத்தைக்கு வந்தவர்களுக்கு இது இலகுவில் பிடிபடுவதில்லை. அங்கே சுண்ணக்கல் நிலம். மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டி முடிந்துவிடும். மீதி மாதங்களுக்குக் கிணறுதான். துலா மிதித்து, பட்டையால் இறைத்து, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிய பரம்பரை அது. அந்தப் பழக்கம் ஏழாம் மாடிப் பல்கனியிலும் விடாது. காலையில் ஒரு வாளி, பின்னேரம் ஒரு வாளி, இடையில் கொஞ்சம் பசளை. சாடியின் அடியில் வேர் அழுகுவது மேலே இலை மஞ்சளாகும்வரை தெரியாது. ஊர் நினைவில் நட்ட முருங்கையும் ஏமாற்றும். கொழும்பு மழைக்கு அது இலையை அள்ளிக் கொட்டும், காயைக் கணக்குப் பார்த்துத்தான் தரும். குழம்புக்கு யாழ்ப்பாணத்து முருங்கைக்காய் வர வேண்டியிருப்பதற்கு ஊர்ப்பாசம் மட்டும் காரணமில்லை.

கறிவேப்பிலையைப் பாருங்கள். காலி வீதிக்கு இரண்டு பக்கத்து ஒழுங்கைகளிலும் கறிவேப்பிலைச் சாடி இல்லாத தமிழ் வீடு அரிது. ஆனால் பெரும்பாலானவை ஒரே குச்சியாக, நெஞ்சுயரத்துக்குப் போய், உச்சியில் மட்டும் நாலு நெட்டுடன் நிற்கும். தாளிப்புக்கு அவசரமாக ஓடிவந்து கீழ் இலைகளை உருவிக்கொண்டு போனதன் விளைவு அது. செடிக்கு நோகக்கூடாது என்ற இரக்கம் வேறு: கொப்பை முறிக்க மனம் வராது. கறிவேப்பிலைக்கு அந்த இரக்கம் வேண்டாம். முழங்கால் உயரம் வந்ததும் குருத்தைக் கிள்ளிவிட்டால் கீழே இரண்டு மூன்று கணுக்கள் விழிக்கும். அவை ஒரு சாண் வளர்ந்ததும் அவற்றின் தலையையும் கிள்ள வேண்டும். சமையலுக்கு எடுக்கும்போதும் நெட்டு நெட்டாக உருவாமல், நுனிக்கொப்பாக முறித்தெடுக்க வேண்டும். பூங்கொத்து வந்தால் அன்றைக்கே வெட்டி எறியவேண்டும். பூவுக்கும் பழத்துக்கும் போகிற சத்து இலைக்கு வராது. இப்படி ஈராண்டு வெட்டுப்பட்ட செடி இடுப்பளவில் குடைபோல் விரிந்து நிற்கும். அதன் அடித்தண்டில் உள்ள வெட்டுத் தழும்புகளைக் கண்டால், அந்த வீட்டில் நன்றாகச் சமைக்கிறார்கள் என்று நான் முடிவுகட்டிவிடுவேன்.

கடலோர மரைன் டிரைவ் பக்கத்து மாடிகளில் கணக்கு இன்னும் கடினம். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் புரட்டாதிவரை உப்புத்தூறல். மென்மையான இலைகளெல்லாம் ஓரம் கருகி, தீயில் வாட்டியதுபோல் சுருண்டுவிடும். அங்கே தாக்குப்பிடிப்பவை அலரி, தேமா, போகன்விலா. இவற்றில் போகன்விலாவை நல்ல கை வளர்த்தால் அதைப் பார்ப்பதற்கென்றே கடற்கரைப் பக்கமாக நடக்கலாம். தண்ணீரைத் தாராளமாகக் கொடுத்தால் அது பச்சைக் கொடியாக ஓடும், முள்ளை நீட்டும், பூக்காது. மேல்மாடியின் தளம் மழையை மறைத்திருக்க, மண் காய்ந்து, இலை கொஞ்சம் துவண்ட பிறகே தண்ணீர் காட்டினால் நிறம் வெடித்துக் கிளம்பும். நாம் பூவென்று சொல்லும் அந்த ஊதாவும் செம்மஞ்சளும் உண்மையில் நிறம் மாறிய இலைகள். நடுவே இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ. நிறம் உதிர்ந்ததும் கொடியைப் பாதிக்கு வெட்ட வேண்டும், ஏனென்றால் அடுத்த பூ புதுக் கொப்பில்தான் வரும். பட்டினி போடவும் வெட்டவும் மனம் உள்ளவருக்கே அது வசப்படும்.

சாடிக்கு அடியில் தட்டு வைக்கும் வழக்கம் கொழும்பில் குறைந்துபோனதை இங்கே சொல்லியாக வேண்டும். 2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்ட டெங்குக் காய்ச்சல் பதிவுகள். அதன் பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் படியேறி வந்து முதலில் பார்ப்பது பூச்சாடித் தட்டைத்தான். இலைக்கிண்ணத்தில் தண்ணீர் தேக்கிவைக்கும், அன்னாசிச் செடியின் உறவான புரோமிலியாட் வகைகளும் மாடிகளில் மதிப்பிழந்தன. அழகான செடிகள்தான், ஆனால் நுளம்பு வளர்க்கும் அழகு யாருக்கு வேண்டும்?

இனி விற்பவர்கள் பக்கம் வருவோம். பத்தரமுல்லையிலிருந்து மாலபே போகும் வீதியோரத்திலும், தியவன்னா ஏரிக்கரையில் உள்ள தியத்த உயனவிலும் செடிக்கடைகள் வரிசையாக இருக்கின்றன. வார இறுதியில் வெள்ளவத்தைக் குடும்பங்கள் காரின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு விலை பேசும். வாங்க வருபவர் கேட்பது உயரம். விற்பவர்களில் நல்லவர் வளர்த்து வைத்திருப்பது அகலம். ஒரு குரோட்டன் செடியை ஒற்றைத் தண்டாக, யூரியா போட்டு ஓட்டி, ஆறு மாதத்தில் ஆளுயரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். இலை பெரிதாக, பளபளப்பாக, உள்ளே பலமில்லாமல் இருக்கும். வீட்டுக்கு வந்த ஒரு மாதத்தில் கீழிலைகளைக் கொட்டிவிட்டு நிற்கும். அதே செடியை இரண்டு முறை தலை கிள்ளி, அடியிலிருந்தே நாலு கொப்பாகப் பிரித்து, நல்ல வெயிலில் வைத்து நிறமேற்றியவர் அரை உயரத்துக்கு இரட்டை விலை கேட்பார். கேட்கட்டும். அந்த விலையில் பாதி, விற்காமல் பொறுத்திருந்த மாதங்களுக்கானது.

இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த வேலை காற்றுப் பதியம். உயர்ந்து, அடி மொட்டையாகிப்போன ஒரு குரோட்டனை எடுத்துக்கொள்வார்கள். தண்டின் நல்ல பாகத்தில் விரலகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்து, வழவழப்பான படலத்தையும் கத்தி முதுகால் சுரண்டிவிடுவார்கள். அதைச் சுரண்டாவிட்டால் காயம் மூடிக்கொண்டுவிடும், வேர் வராது. பிறகு நனைத்துப் பிழிந்த தும்புத்தூளை ஒரு பிடி வைத்து, பொலித்தீனால் இறுக்கிச் சுற்றி, மேலும் கீழும் கட்டுவார்கள். இலை சமைத்த சத்து உள்பட்டை வழியாகக் கீழே போக முடியாமல் அந்த வளையத்துக்கு மேலே தேங்கும். அங்கேதான் வேர் பிறக்கும். நாலு முதல் ஆறு வாரத்தில் பொலித்தீனுக்குள் வெள்ளை நூல்போல் வேர் தெரியும். கீழே வெட்டிச் சாடியில் வைத்தால் அன்றைக்கே வயது வந்த செடி ஒன்று தயார், அடியில் விட்ட கட்டையும் புதிதாகத் துளிர்க்கும். பிழிவதில்தான் அனுபவம் இருக்கிறது. நெரித்தால் ஓரிரு சொட்டு மட்டும் விழும் ஈரம் வேண்டும். கூடினால் தண்டு அழுகும், குறைந்தால் தொடங்கிய வேர் காய்ந்துவிடும். தேர்ந்தவர் உள்ளங்கை அழுத்தத்திலேயே அதை அறிகிறார். எந்தப் பயிற்சிப் புத்தகமும் அந்த அழுத்தத்தை எழுதிவைக்க முடியாது.

வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கத்துத் தாழ்நிலங்களில் கீரை செய்கிறவர்களும் இதே கத்திக் கல்வியைப் பெற்றவர்களே. வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு பிடி கங்குங்கோ பொன்னாங்காணியோ வாங்கினால் அடித்தண்டின் வெட்டைப் பாருங்கள். ஒரே சீராக, சற்றுச் சரிவாக, கணுவுக்கு மேலே வெட்டியிருந்தால் அந்தப் பாத்தி மூன்று நாலு வாரத்தில் மறுபடி கீரை தரும். வேரோடு பிடுங்கியிருந்தால் அந்த மனிதருக்கு நிலத்தில் நீண்ட உத்தேசம் இல்லை. ஆனால் நகரத்துக் கழிவு ஓடும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் விளைந்த கீரையை, எவ்வளவு அழகாக வெட்டியிருந்தாலும், நான் வாங்கமாட்டேன். கீரை மண்ணில் உள்ளதையெல்லாம் குடிக்கும், ஈயத்தையும் சேர்த்து.

கொழும்பின் தோட்டக்கலைக்கே மூலம் வெட்டுத்தான் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் இந்நகரத்தின் மிகப் பெயர்பெற்ற தோட்டம் கறுவாத்தோட்டம். போர்த்துக்கேயர் காலத்திலும், ஒல்லாந்தர் ஆட்சியின் முதல் நூறாண்டிலும் கறுவா காட்டிலிருந்துதான் வந்தது. நட்டு வளர்த்தால் மணம் வராது என்றொரு நம்பிக்கை. 1765 முதல் 1785 வரை ஆளுநராக இருந்த பால்க் காலத்தில் மருதானையில் அதை நட்டுப் பயிர்செய்து அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். விட்டால் மரமாகிவிடும் கறுவாவை நிலமட்டத்தோடு வெட்டி வெட்டிப் பற்றையாக வைத்திருப்பதுதான் அதன் பயிர்முறை முழுவதும். வெட்டிய கட்டையிலிருந்து நேரான கம்புகள் கூட்டமாக எழும். ஒன்றரை, இரண்டு வருடத்தில் மறுபடி வெட்டு. சிவந்த தளிர் பச்சையாகும் தருணத்தில், மழை ஈரத்தில், பட்டை தண்டைவிட்டு இலேசாகக் கழலும். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கோலால் அழுத்தித் தேய்த்து, சுற்றிலும் இரண்டு கீறல், நெடுக்கே இரண்டு கீறல். பட்டை முழுதாகக் கையோடு வரும். அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி 42 அங்குலக் குழலாக்கி நிழலில் உலர்த்துவார்கள். ஆறு மில்லிமீற்றருக்கும் மெலிந்த ‘அல்பா’ வகை இன்றும் விலையில் முதலிடம். மருதானையிலோ, கறுவாத்தோட்டம் என்ற பெயர் தங்கிய கொழும்பு 7இலோ இப்போது உரிப்பதற்குப் பற்றை இல்லை, வீடுகளும் தூதரகங்களும்தான். அந்தக் கைவேலையைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே அம்பலாங்கொடைப் பக்கம் போக வேண்டும்.

ஒல்லாந்தருக்குப் பின் வந்த பிரித்தானியர் 1810இல் கொம்பனித்தெருவில் ஒரு தாவரவியல் தோட்டம் போட்டார்கள். சீனாவில் செடி சேகரித்துப் பெயர்பெற்ற வில்லியம் கெர் அதற்குப் பொறுப்பாக வந்தார். வெள்ளம் ஏறும் நிலம். 1813இல் களுத்துறைக்கும் பிறகு பேராதனைக்கும் தோட்டம் இடம்பெயர்ந்தது. இலண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தை நினைவூட்டும் கியூ வீதி என்ற பெயர் மட்டும் கொம்பனித்தெருவில் எஞ்சியிருக்கிறது.

தோட்டத்தை வெட்டி உருவாக்குவதில் உச்சத்தைத் தொட்டவர்கள் பாவா சகோதரர்கள். மூத்தவர் பெவிஸ் 1929இல் பேருவளைக்கு அருகே ‘பிறீஃப்’ தோட்டத்தைத் தொடங்கினார். பிறருக்கும் தோட்டம் வகுத்துக் கொடுத்தார். இளையவர், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, 1940களின் பிற்பகுதியில் பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக்கரையில் ஒரு கைவிடப்பட்ட றப்பர் தோட்டத்தை வாங்கி, லுணுகங்கை என்று பெயரிட்டு, 2003இல் இறக்கும்வரை அதைத் திருத்திக்கொண்டேயிருந்தார். அவர் நட்டதைவிட நீக்கியதே அதிகம் என்று தோன்றும். றப்பரை வெட்டினார், தூரத்து விகாரையின் தாதுகோபம் வீட்டிலிருந்து தெரியவேண்டும் என்பதற்காக இடையிலிருந்த குன்றின் தலையையே தாழ்த்தினார். தேமா மரத்தின் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, அவை நிலத்தை நோக்கிப் படுத்து வளரும்படி செய்தார். லுணுகங்கையில் பூ குறைவு. பச்சையும் நிழலும் நீரும் மட்டுமே. பூச்செடி எதிர்பார்த்துப் போனவர்கள் ஏமாந்து திரும்புவதுண்டு. அவர்களுக்கு நான் அனுதாபப்படுவதில்லை. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் கொள்ளுப்பிட்டியில், 33ஆம் ஒழுங்கை 11ஆம் இலக்க வீட்டைப் பார்க்கலாம். நாலு சிறு வீடுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, அங்கங்கே கூரையைத் திறந்துவிட்டு, அந்த வெளிச்சத்தில் ஒன்றிரண்டு செடியை மட்டும் நிறுத்தியிருக்கிறார். வெள்ளவத்தைத் தொடர்மாடிக்காரருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

அதற்கு நேரெதிர், புதிய ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் திறப்பு விழாவுக்கு முதல் வாரம் செய்யும் தோட்டம். புல்லைப் பாய்போல் லொறியில் கொண்டுவந்து விரிப்பார்கள். வளர்ந்த பனைவகைகளைக் கிரேனால் தூக்கி நடுவார்கள். படத்துக்கு நன்றாகத்தான் இருக்கும்.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அடுத்த வருடம் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, அரச ஊழியர் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று ஜூன் மாதத்தில் வெள்ளிக்கிழமைகளை விடுமுறையாக்கினார்கள். வெள்ளவத்தை மொட்டைமாடிகளில் அரிசிச் சாக்குகள் முளைத்தன: மிளகாய், கத்தரி, கீரை. பலர் முதல் காய்ப்போடு கத்தரியைப் பிடுங்கி எறிந்தார்கள். அதை நிலத்திலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டியிருந்தால் மறுகாய்ப்பு வந்திருக்கும். விடுமுறை கொடுத்த அரசாங்கம் கூடவே ஒரு கத்தரிக்கோலும் கொடுத்திருக்கலாம்.

கொட்டாஞ்சேனையில் நிலைமை வேறு. அங்கே பழைய ஓட்டு வீடுகளின் முன்னால் கைக்குட்டையளவு மண், அதில் செவ்வரத்தை, நந்தியாவட்டை, துளசி. பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் காலையில் வீட்டுப் பூவைக் கொய்துகொண்டுதான் போவார்கள். செவ்வரத்தை புதுத் தளிரில் பூப்பது. வெட்டாமல் விட்டவரின் செடி மதிலுக்கு மேலே ஏறி, வீதியால் போகிறவருக்குப் பூக்கும். வெட்டுபவரின் செடி கைக்கெட்டும் உயரத்தில் நிற்கும். அந்தப் பகுதியில் செவ்வரத்தையைக் காசுகொடுத்து வாங்கியவரை நான் கண்டதில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, “அக்கா, அந்த அடுக்குச் செவ்வரத்தையில ஒரு கொப்புத் தாங்கோவன்” என்றால் போதும். “இப்ப வெட்டினா காய்ஞ்சுபோகும் தம்பி, மழை விழட்டும், வாங்கோ” என்று அக்கா சொன்னால், அவருக்குத் தொழில் தெரியும். மழை விழுந்ததும் பென்சில் தடிப்பில், பச்சையும் பழுப்பும் கலந்த கொப்பாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டி, மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கித் தருவார். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தும்புத்தூளில் ஊன்றி நிழலில் வைத்தால், ஒரு மாதத்தில் வேர் பிடிக்கும். பூவுக்கு இன்னும் பல மாதம் பொறுக்கவேண்டும். நாளைக்கே பூ வேண்டும் என்பவர்களுக்குப் பத்தரமுல்லை இருக்கிறது.