கடைசி ஆளின் காலப்பிரமாணம்

விடிகாலை ஐந்து மணிக்கு அணுபுரம் குடியிருப்புச் சாலையோரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றால், நாலு பேர் ஓடி வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். புதிதாக இறங்கியவர்கள் என்றால் அடிகள் சிதறி விழும். ஒருவர் குதிகாலைத் தொப்பென்று போடுவார். இன்னொருவர் வீட்டுச் செருப்பைப் போல ஷூவைத் தேய்த்துக்கொண்டு வருவார். மூன்றாமவரின் மூச்சு அவருக்கு முன்னால் வந்து சேரும். ஆறு மாதம் சேர்ந்து ஓடியவர்களின் சத்தம் வேறு மாதிரி இருக்கும்: எட்டுக் காலும் அடக்கமாக, சீராக விழ, அதன்மேல் பேச்சு மிதந்து வரும். மகனின் பத்தாம் வகுப்பு, ஊரில் இருக்கும் அம்மாவின் முட்டிவலி, நேற்று இரவு கடைசி ஓவரில் தோற்ற மேட்ச். கச்சேரிக்குச் சுருதிப்பெட்டி எப்படியோ, சேர்ந்தோட்டத்துக்கு அந்தப் பேச்சு அப்படி. அது நின்றுவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

கல்பாக்கத்து அணுமின் நிலையத்திலும் ஆய்வு மையத்திலும் வேலை பார்ப்பவர்களுக்காக அணுசக்தித் துறை கட்டிய ஊர் அணுபுரம். சதுரங்கப்பட்டினத்துக் கடலை விட்டு உள்ளே தள்ளி, திருக்கழுக்குன்றம் போகும் வழியில் இருக்கிறது. கணினித் திரை, கட்டுப்பாட்டு அறை, ஷிப்ட், பஸ் என்று பகல் முழுக்க உட்கார்ந்தே கழியும் இத்தகைய உத்தியோகங்களில் ஓட்டம் பெரும்பாலும் ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளில்தான் தொடங்கும். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, கொழுப்பு தாண்டிவிட்டது, டாக்டர் நடக்கச் சொல்கிறார். தனியாக நடந்தால் மூன்றாவது நாள் மழை வரும், நான்காவது நாள் சோம்பல் வரும். முனையில் ஒருவர் காத்துக்கொண்டு நிற்கிறார் என்றால் போர்வையை விலக்கத்தான் வேண்டும். கூட்டாளியின் முதல் பயன் இதுதான். இரண்டாவது பயன் நாய்கள். தனி ஆளைத் துரத்தும் தெருநாய், நாலு பேர் ஓட்டத்தை நிறுத்திச் சாதாரணமாக நடந்தால் பெரும்பாலும் குரைப்போடு விட்டுவிடும். இருட்டுச் சாலையில் தனியே இறங்கத் தயங்கும் பெண்களுக்குக் குழு என்ன தருகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பயனைப் பட்டியல் போடுவது மருத்துவரின் வேலை. ரசிகன் பார்க்க வேண்டியது வேறு. சேர்ந்து ஓடுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது, அது முன்னால் போகிறவரிடம் இருப்பதில்லை.

இந்த நுட்பத்துக்கு ஒரு மூலக்கதை உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றார்கள். இருவருக்கும் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். சாம்பியன்களை உருவாக்கிய அதே மனிதர், ஆக்லாந்தில் தொந்தி விழுந்த நடுவயதுக்காரர்களையும் இதய நோயாளிகளையும் கூட்டிவைத்து மெதுவாக ஓடச் சொன்னார். அப்படிப் பிறந்தது 1962-இல் ஆக்லாந்து ஜாகர்ஸ் கிளப். மாரடைப்பு வந்தவர் படுத்தே கிடக்க வேண்டும் என்று பலரும் நம்பிய காலம் அது. லிடியார்ட் விதித்த கட்டுப்பாடு எளிமையானது: பயிற்சி செய், உடம்பை வருத்தாதே, ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும்.

அந்த ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் ஓரிகான் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன் தம் வீரர்களோடு அங்கே வந்தார். வயது 51. ஞாயிறு காலை ஓட்டத்துக்கு லிடியார்ட் அழைத்துப் போனார். ஆண், பெண், குழந்தை என்று பெருங்கூட்டம். மற்றவர்களை ஓடச் சொல்லியே பழகிய பவர்மேனுக்கு, ஏற்றம் வந்ததும் மூச்சு முட்டியது, கூட்டம் கடந்து போய்விட்டது. எழுபதைத் தாண்டிய, மாரடைப்புகளைக் கடந்து வந்த ஒரு கிழவர் மட்டும் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே கூட வந்தார். பவர்மேன் ஊர் திரும்பி யூஜின் நகரத்தில் இதே போன்ற ஓட்டத்தைத் தொடங்கினார். 1967-இல் இதய மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து அவர் எழுதிய ‘ஜாகிங்’ என்ற சிறு புத்தகம் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. நைக்கி நிறுவனத்தின் இணை நிறுவனரும் அவரே. உலகத்து ஷூக்கடைகளெல்லாம் அந்தக் கிழவருக்கு ஒரு பங்கு கொடுக்கக் கடன்பட்டவை என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் அன்று அவர் செய்ததைவிடக் கடினமான வித்தை ஓட்டத்தில் இல்லை. தன் கால் கேட்கிற வேகத்தைக் கொடுக்காமல், பக்கத்துக் காலின் வேகத்தில் நிற்பது. அதையும் தயவு பண்ணுவது போலக் காட்டிக்கொள்ளாமல் செய்வது.

சங்கீதக்காரர்கள் இதைக் காலப்பிரமாணம் என்பார்கள். துரித காலத்தில் பொரிந்து தள்ளுவது சின்னப் பையன்களாலும் முடியும். விளம்பத்தில் ஓடிவிடாமல் நிற்பவரே வித்வான். ஓட்டத்திலும் கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிடத்தில் ஓடுபவர் எட்டு நிமிடத்துக்கு இறங்கும்போது கால் தரையில் தங்கும் நேரம் மாறுகிறது, அடியின் நீளம் மாறுகிறது, தொடை வேறு விதமாக நோகிறது. பழகாதவர் அடியைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு மெதுவாகப் போகப் பார்த்து, குதித்துக் குதித்து ஓடுவார். தெரிந்தவர் அடிகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் நீளத்தை மட்டும் சுருக்குவார். போட்டிகளில் ‘பேஸர்’ என்ற பெயரில், முடிக்கும் நேரம் எழுதிய கொடியோ பலூனோ சுமந்து ஓடுகிறவர்களைப் பார்த்தால் இது புரியும். இவர்களைச் சுற்றித் திரளும் கூட்டத்தைப் ‘பஸ்’ என்றே ஓட்டக்காரர்கள் சொல்கிறார்கள். நல்ல பேஸர் முதல் கிலோமீட்டரும் கடைசிக் கிலோமீட்டரும் ஒன்றுபோல் இருக்க, நடுவில் ஜோக்கும் சொல்லிக்கொண்டு போவார். அவர் வென்றதாக எந்தப் பட்டியலிலும் வராது.

அடிகள் தாமாகவே ஒன்றுசேர்வது கற்பனையும் இல்லை. 2009 பெர்லின் உலகத் தடகளப் போட்டியின் 100 மீட்டர் இறுதியோட்டத்தைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள், உசைன் போல்ட், டைசன் கே இருவரின் அடிகளும் அவர்கள் அறியாமலேயே இடையிடையே ஒத்து விழுந்ததைக் கண்டார்கள். இருவரின் உயரம் வேறு, அடியின் நீளம் வேறு, எண்ணம் ஒருவரை ஒருவர் தோற்கடிப்பது; அப்படியும் கால்கள் பேசிக்கொண்டன. அதே காலத்தில் ஆக்ஸ்ஃபர்டில் துடுப்பு வலிக்கும் 12 மாணவர்களை இயந்திரத்தில் தனியாகவும் குழுவாகவும் வலிக்கச் செய்து பார்த்தார்கள். உழைப்பு ஒன்றே. குழுவாக வலித்த பிறகு அவர்களால் வலியைக் கூடுதலாகத் தாங்க முடிந்தது. சேர்ந்து அசையும்போது உடம்பு தனக்கே ஊற்றிக்கொள்ளும் மருந்து கூடுகிறது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள்.

நம் பக்கத்து மக்களுக்கு இது ஆராய்ச்சிக்கு முன்பே தெரியும். பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் குழுக் குழுவாக நடப்பவர்களும், திருக்கழுக்குன்றத்து மலையைப் பௌர்ணமியில் சுற்றி வருபவர்களும் யாரையும் முந்துவதற்காகக் கிளம்புவதில்லை. இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் கல்லிலும் பார்க்கலாம். மாமல்லபுரத்து அர்ஜுனன் தபசுப் பாறையில், நடுவில் உள்ள பிளவை நோக்கி இரண்டு பக்கத்திலிருந்தும் தேவர்களும் கந்தர்வர்களும் விரைகிறார்கள். முழங்கால் மடிந்து, பாதம் பின்னுக்குப் போயிருக்கும். பறப்பதைக் காட்டப் பல்லவச் சிற்பி தேர்ந்தெடுத்தது ஏறக்குறைய ஓடுகிறவனின் கால். பல இடங்களில் ஜோடி ஜோடியாக வருகிறார்கள். தோள் ஒட்டிய நெருக்கம், ஒரே சாய்வு, முகத்தில் சிரமம் துளியும் கிடையாது. (அதே பாறையில் ஒற்றைக் காலில் கையைத் தூக்கி நிற்கும் தவசி, ஓடி முடித்தவர்கள் உடம்பை நீட்டி வளைக்கும் காட்சியை நினைவூட்டினால் அது சிற்பியின் குற்றமில்லை.)

சென்னையில் இந்தக் கலைக்கு ஒரு பள்ளியே உருவானது. 2006-இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் குழு, பேட்டைக்குப் பேட்டை கிளை விட்டு வளர்ந்தது. வார நாளில் அவரவர் பகுதியில் சிறிய ஓட்டம், வாரக் கடைசியில் ‘லாங் ரன்’. இது நகரத்து இளைஞர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தவர்களுக்குப் பதில் சொல்வது போல மா. சுப்பிரமணியன் வந்தார். 2006 முதல் 2011 வரை சென்னை மேயர், பிறகு 2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரானவர். சர்க்கரை நோயாளி, விபத்தில் முழங்கால் நொறுங்கியவர். ஐம்பதைத் தாண்டித் தொடங்கி நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை, அதாவது ஒவ்வொன்றும் 21.1 கிலோமீட்டர், ஓடி முடித்திருக்கிறார். அதைப் பற்றி ‘ஓடலாம் வாங்க’ என்று ஒரு புத்தகமும் எழுதினார். தலைப்பிலேயே துணைக்கு ஆள் கூப்பிடுகிறார் என்பதைக் கவனிக்கலாம். 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை வகுத்த திட்டத்துக்கும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று பன்மையிலேதான் பெயர் வைத்தார்கள்.

புதிதாகத் தொடங்கும் நால்வருக்கு வரும் ஆபத்தும் கூட்டாளியிடமிருந்துதான் வரும். ஒருவர் பழைய கல்லூரிக் கபடி வீரராக இருப்பார். முதல் நாளே மூன்று கிலோமீட்டர் பறப்பார், மற்றவர்கள் மானத்துக்காகப் பின்னால் ஓடுவார்கள், மறுநாள் நாலு வீட்டிலும் தைல வாசனை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் உறுதிப்பட மாதங்கள் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டும் இரண்டாம், மூன்றாம் மாதத்தில்தான் குதிகால் தசைநாணும் முட்டியும் கணக்குக் கேட்கும். 1996-இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் தம் அம்மாவை ஓடவைக்க எழுதிய திட்டம் இன்றும் செல்லுபடியாவது இதனால்தான்: வாரம் மூன்று நாள், ஒன்பது வாரம், முதலில் ஒரு நிமிடம் ஓடி ஒன்றரை நிமிடம் நடப்பது. நாற்பதைத் தாண்டியவர்கள் முதலில் ஒரு டாக்டரைப் பார்ப்பது நல்லது. நெஞ்சில் அழுத்தம் தெரிந்தால் நண்பனின் கேலிக்குப் பயந்து ஓட்டத்தைத் தொடரக் கூடாது. கைக்கடிகாரமும் ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியும் வந்த பிறகு கேலி செல்பேசி வழியாகவும் வருகிறது.

கடலோர வெக்கை இன்னொரு குரு. சித்திரையில் ஐந்தரை மணிக்கே காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை வழியும், உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. மார்கழியில் ஓடிய அதே வேகம் அப்போது கிட்டாது. அதனால் கோடையில் ஒரு குழு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் விதத்தைப் பார்த்தே அதன் முதிர்ச்சியை எடை போடலாம்.

எல்லாவற்றிலும் அழகானது திரும்பி வரும் வழக்கம். வேகமாக ஓடுபவர்கள் ஓடட்டும், யாரும் தடுப்பதில்லை. ஆனால் ஒரு தூரம் போனதும் வளைந்து திரும்பி, கடைசியில் வருகிறவரைத் தாண்டிப் போய், அவருக்குப் பின்னாலிருந்து மறுபடியும் சேர்ந்துகொள்வார்கள். முன்னவருக்கு ஆறு கிலோமீட்டர் சேரும், பின்னவருக்கு நாலு. இருவரும் ஒரே நேரத்தில் முடிப்பார்கள். தறியில் நாடா போய் வருவது போல இந்தப் போக்குவரத்து நடக்கும்போது, கடைசி ஆள் கடைசியில் இருப்பதாகவே தெரியாது.

அப்புறம் டீக்கடை. வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கும். பனியன் முதுகில் ஒட்டியிருக்கும், ஷூவுக்குள் மணல் உறுத்தும். எத்தனை டீ என்று கடைக்காரர் கேட்கும்போது, தெருமுனையில் இன்னும் வந்துகொண்டிருப்பவரையும் சேர்த்து எண்ணிச் சொல்வார்கள். அவருடையதில் மட்டும் சர்க்கரை வேண்டாம்.